பழைய கணினிக்கு எந்த எஸ்.எஸ்.டி. பொருந்தும்?

வீட்டில் உள்ள மேசைக் கணினி திறப்பதற்கே ஐந்து நிமிடம் பிடித்தால், புதியது வாங்கிவிடலாம் என்றுதான் பெற்றோருக்கு முதலில் தோன்றும். எஸ்.பி.எம். எழுதும் தங்கையும் மெர்லிமாவ் போலிடெக்னிக்கில் பயிலும் அண்ணனும் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் தோட்டப்புறக் குடும்பத்திற்கு அது சின்னச் செலவல்ல. பல வேளைகளில் மாற்ற வேண்டியது கணினியை அல்ல. அதனுள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத்தான்.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல வேண்டும். ஊசிபோன்ற முனை தகவலைத் தேடி நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. தகவல் சில்லுகளில் இருக்கிறது. அதனால்தான் இந்த வேகம். நம் நாட்டுத் தொழில்துறையும் இந்த மாற்றத்தைக் கண்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக 2018 ஜூலையில் அறிவித்தது. அதே வேளையில் பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியை விரிவாக்கியது.

சரி, எதை வாங்குவது? வேகத்தைப் பார்க்கும் முன் அளவைப் பாருங்கள்.

முதல் வகை 2.5 அங்குலம். 100 மில்லிமீட்டர் நீளம், ஏறக்குறைய 70 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன். சாட்டா கேபிளில் இணையும். ஏறக்குறைய எல்லாப் பழைய மேசைக் கணினிகளுக்கும் இது ஒத்துவரும். ஆனால் கணினிப் பெட்டியின் பழைய தட்டு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கிற்காகச் செய்யப்பட்டது. அதில் பொருத்த ஒரு சட்டம் தேவைப்படலாம். சாட்டா கேபிளும் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வகை எம்.2. சூயிங் கம் பட்டைபோல இருக்கும். அதன்மேல் 2280 என்றிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். இது தாய்ப்பலகையில் நேரடியாகச் செருகப்படுகிறது. இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் எம்.2வில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகைகள் உண்டு. சில தாய்ப்பலகைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். மிகப் பழைய பலகைகளில் எம்.2 துளையே கிடையாது. தாய்ப்பலகையின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் பணம் வீணாகாது.

வேகம் எப்படி? சாட்டா வகை வினாடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை படிக்கும். என்.வி.எம்.இ. அதைவிடப் பல மடங்கு வேகம். ஆயினும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறுகிறவருக்குச் சாட்டாவே பெரிய மாற்றமாகத் தெரியும்.

பொருத்தும் முன் திருமணப் படங்கள், பாடக் குறிப்புகள், சான்றிதழ்கள் அனைத்தையும் வேறோர் இடத்தில் நகலெடுங்கள். எஸ்.எஸ்.டி.யில் அழிந்த கோப்பை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, உலோகப் பெட்டியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எம்.2 பட்டையைச் சற்றுச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தித் திருகாணியை முடுக்குங்கள். இறுக்கம் அதிகமாகக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியை எஸ்.எஸ்.டி. வேகப்படுத்தும், ஆனால் அந்தக் குறையைத் தீர்க்காது. அதையும் விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள்.