குட்டி போட்ட 408 கோடி

டெல்லியையும் நொய்டாவையும் யமுனைக்குக் குறுக்கே இணைக்கும் டி.என்.டி. மேம்பாலச் சாலையின் நீளம் 9.2 கிலோமீட்டர். கட்டி முடிக்க ஆன செலவு ஏறக்குறைய 408 கோடி ரூபாய். 2001 பிப்ரவரியில் வண்டிகள் ஓடத் தொடங்கின. 2016 மார்ச் வரை வசூலான சுங்கக் கட்டணம் 892.51 கோடி. போட்ட பணத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் வந்துவிட்டது. ஆனால் வசூல் உரிமை பெற்ற நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனியின் ஏட்டில், முதல் அப்போதும் அடைந்திருக்கவில்லை. அடையவும் அடையாது. காரணம் 1997 நவம்பர் 12 அன்று கையெழுத்தான ஒப்பந்தம்.

அதன்படி, திட்டச் செலவின் மேல் ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் கம்பெனிக்கு உறுதி. ஒரு வருடம் அந்த அளவுக்கு வரவில்லை என்றால், குறைந்த தொகை திட்டச் செலவோடு சேர்ந்துவிடும். அடுத்த வருடம் கூடிப்போன செலவுக்கு 20 சதவீதம். பணம் முழுவதும் திரும்பும்வரை வசூல் உரிமையும் நீளும்.

பேனா எடுத்துக் கணக்குப் போட்டால் சங்கதி விளங்கும். 408 கோடிக்கு 20 சதவீதம் என்றால் வருடத்துக்கு 81.6 கோடி. வசூலான 892.51 கோடியைச் சுமார் 5,500 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 லட்சம். வருடத்துக்கு 59 கோடி. துண்டு விழுவது 22.6 கோடி. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் திட்டச் செலவு 430.6 கோடி, அதற்குக் கொடுக்க வேண்டியது 86.1 கோடி, துண்டு 27.1 கோடி. மூன்றாம் வருடம் 457.7 கோடியில் தொடங்கும். வசூல் சராசரியிலேயே நின்றால், பதினைந்தாம் வருட முடிவில் ‘திட்டச் செலவு’ 2,000 கோடியைத் தாண்டிவிடும். இது பராமரிப்புச் செலவில் ஒரு பைசாகூடச் சேர்க்காத கணக்கு. முதல் வருட வசூலும் கடைசி வருட வசூலும் ஒன்றாக இருக்காது என்பதையும் விட்டுவிட்டேன். அதையெல்லாம் சேர்த்தால் ஏட்டுக் கடன் இன்னும் வேகமாகத்தான் ஏறும். பாலத்தில் போகிறவர் கட்டக் கட்ட, கட்ட வேண்டியது கூடிக்கொண்டே போகும். மீட்டர் வட்டிக்காரர்கூட இவ்வளவு துணிச்சலாக எழுதி வாங்கமாட்டார்.

நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 அக்டோபர் 26 அன்று தீர்ப்பு: இனி கட்டணம் கிடையாது. அப்போது காருக்கு ஒரு முறை போக 28 ரூபாய், போய் வர 56. வருடத்தில் 300 நாள் போய் வருகிறவருக்கு 16,800 ரூபாய் மிச்சம்.

கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. செலவு அடைந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லும்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் ஏடுகள் போயின. 2016 மார்ச் வரையிலான நிலவரம் இது: கடன் வட்டியோடு அடைந்துவிட்டது; பங்குதாரர்களுக்குப் போன ஈவுத்தொகை மட்டும் 243.07 கோடி. கடன்காரருக்கும் பங்குதாரருக்கும் கொடுத்த பிறகும் முதல் வரவில்லை என்று சொன்னால் எந்த நீதிபதி ஒப்புக்கொள்வார்? 2024 டிசம்பர் 20 அன்று மேல்முறையீடு தள்ளுபடியானது.

இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே 2,977 நாள். பழைய வேகத்தில் வசூல் நடந்திருந்தால் சுமார் 476 கோடி போயிருக்கும்.

தொகையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் இன்னொரு பகுதி. இந்த வசூல் உரிமைக்கு டெண்டரே விடவில்லை. முன் அனுபவம் இல்லாத ஒரு கம்பெனிக்கு, போட்டிக்கு யாரையும் கூப்பிடாமல், நொய்டா ஆணையம் உரிமையைக் கொடுத்தது. அது அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு முரண் என்றது நீதிமன்றம். நாலு பேர் விலைப்புள்ளி போட்டிருந்தால், 20 சதவீதத்துக்குப் பதில் 16 என்று ஒருவராவது கேட்டிருப்பார். 408 கோடியில் நாலு சதவீதம் முதல் வருடமே 16.32 கோடி.

டெண்டர் விட்டால் மட்டும் வழக்கு வராதா? அதே 2024இல், ஜூலை 9 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தில் கொல்கத்தா வழக்கு ஒன்று முடிந்தது. கிழக்குப் பெருநகரப் புறவழிச் சாலையில் இரண்டு சுரங்கப்பாதைகளைப் பராமரிக்க வேண்டும். பதிலுக்கு விளம்பரம் வைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம். பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்கு வருடா வருடம் உரிமக் கட்டணம். காலம் 10 வருடம். முறையாக டெண்டர் விட்டு, அதிகம் கேட்டவருக்குக் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரி 7 அன்று, டெண்டரில் தொழில்நுட்பக் குறை என்று ரத்து செய்தார்கள். உரிமம் பெற்றவர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடமும் தோல்வி, அமர்விலும் தோல்வி. உச்ச நீதிமன்றம் கோப்பைப் புரட்டியபோது, ரத்துக்குப் பின்னால் அமைச்சரின் சொல் இருப்பது தெரிந்தது. மறுபடி டெண்டர் விட்டால் கூடுதல் பணம் வரலாம் என்ற நினைப்பு மட்டும் பொதுநலன் ஆகிவிடாது என்று சொல்லி, ரத்தை ரத்து செய்தது.

ரத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் 518 நாள். 10 வருட உரிமத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. கூடுதல் வருமானம் என்ற பேரில் தொடங்கிய காரியத்துக்கு மூன்று கட்ட வழக்கின் வக்கீல் பீஸ் தனி.