கடற்பாசியிலிருந்து புரதம்: பிரித்தெடுக்கும் முறைகளும் சவால்களும்

பருப்பு, சோயா, பால் ஆகியவற்றின் வரிசையில் புரதத்துக்கான மாற்று மூலமாகக் கடற்பாசி கவனம் பெற்று வருகிறது. விளைநிலமோ பாசன நீரோ இன்றிக் கடலிலேயே வளர்வது இதன் சிறப்பு. எனினும், அதிலுள்ள புரதத்தைச் சிதையாமல் பிரித்தெடுப்பது எளிதன்று.

எவ்வளவு புரதம் உள்ளது?

புரத அளவு வகைக்கு வகை மாறுபடுகிறது. ஜப்பானியர் 'நோரி' என உண்ணும் செம்பாசியின் உலர் எடையில் 47 சதவீதம் வரை புரதம் பதிவாகியுள்ளது. பழுப்புப் பாசிகளில் இது பொதுவாக 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

இந்த அளவீட்டிலும் கவனம் தேவை. உணவிலுள்ள நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுவது வழக்கம். கடற்பாசியில் புரதம் அல்லாத நைட்ரஜனும் இருப்பதால், 5 ஆல் பெருக்குவதே பொருத்தம் என ஆய்வாளர்கள் பரிந்துரைக்கின்றனர். 100 கிராம் உலர் பாசியில் 3 கிராம் நைட்ரஜன் இருந்தால், முந்தைய கணக்குப்படி புரதம் 18.75 கிராம், பிந்தைய கணக்குப்படி 15 கிராம் மட்டுமே.

தடையாகும் செல்சுவர்

அகார், கராஜீனன், ஆல்ஜினேட் போன்ற பசைத்தன்மை கொண்ட சர்க்கரைச் சேர்மங்கள் செல்சுவரில் நிறைந்து, புரதம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. பழுப்புப் பாசிகளிலுள்ள பீனால் சேர்மங்கள் புரதத்துடன் பிணைந்து, அது செரிப்பதையும் குறைக்கின்றன.

முறைகள் என்னென்ன?

அரைத்த பாசியை நன்னீரில் ஊறவைத்தால், நீர் உட்புகுந்து செல்கள் வெடிக்கும். நீரில் கரையும் புரதங்கள் வெளிவரும். எஞ்சியதைக் காரக் கரைசலில் கரைத்து, பின்னர் அமிலம் சேர்த்தால் புரதம் வீழ்படிவாகும். இம்முறை செலவு குறைந்தது. ஆனால் காரமும் வெப்பமும் மிகுந்தால் புரதத்தின் தரம் கெடும்.

செல்லுலேஸ் போன்ற நொதிகள் செல்சுவரை மென்மையாகச் சிதைக்கின்றன. அவற்றின் விலையே தடை. மீயொலி அலைகளும் குறுகிய மின்துடிப்புகளும் செல்களை உடைக்கப் பயன்படுகின்றன. இறுதியில், நுண்துளைச் சவ்வுகளால் வடிகட்டி உப்பு நீக்கப்படுகிறது.

இந்தியாவில் நிலை என்ன?

நாட்டில் கடற்பாசி பெரும்பாலும் அகார், ஆல்ஜினேட், கராஜீனன், திரவ உரம் ஆகியவற்றுக்கே பயன்படுகிறது. கராஜீனன் தயாரிப்பில் பாசியைச் சூடான காரக் கரைசலில் இடும்போது, புரதத்தின் கணிசமான பகுதி கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. ஒரே பாசியிலிருந்து சாறு, புரதம், பசைப்பொருள் எனப் படிப்படியாகப் பிரித்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் பச்சைப் பாசிகளில் இத்தகைய ஆய்வுகளை மேற்கொண்டுள்ளது.

2020-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் கடற்பாசிக்கு 640 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. சாகுபடி பெருகினாலும், அயோடின், ஆர்செனிக் அளவுகளைச் சோதித்த பின்னரே பாசிப் புரதத்தை உணவில் சேர்க்க இயலும். குறைந்த செலவில் பிரித்தெடுக்கும் முறை கைகூடினால், இன்று கழிவாகும் புரதம் கடலோரக் குடும்பங்களுக்குக் கூடுதல் வருவாயாக மாறக்கூடும்.