புரியாத படங்களுக்கு முன்னே

நவீன ஓவியம் என்றவுடன் நம்மில் பலருக்கு ஒரு புன்முறுவல் தோன்றிவிடுகிறது. படத்தைத் தலைகீழாக மாட்டினாலும் எவருக்கும் தெரியாது என்னும் பழைய துணுக்கைச் சொல்லிச் சிரித்தவர் அநேகர். நமக்கும் ஓவியத்தில் நாட்டம் கிடையாது. நாட்காட்டிப் படத்திற்கு மேல் வீட்டுச் சுவரில் எதையும் மாட்டியதில்லை. இருந்தும், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடலோரத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்திற்குப் புதுக்கோட்டையிலிருந்து நண்பர்களோடு சென்றுவர நேர்ந்தது.

காரணம், நண்பர் ஒருவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அப்பெண், குடந்தை அரசு கவின்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "படம் வரைந்து எவர் பிழைத்தார்?" என்பது தகப்பனாரின் கேள்வி. பிழைத்தவர்களின் ஊரை நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டோம். நகாசு வேலையில் கைதேர்ந்த பொற்கொல்லர் ஒருவரும் உடன் வந்தார்.

சென்னை ஓவியப் பள்ளி 1850-இல் தோன்றியது. அதன் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணமே மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலை. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரைப் புரிந்துகொள்ள எவருக்கும் விளக்கம் தேவையில்லை. அவருக்குப்பின் 1957-இல் பொறுப்பேற்ற கே. சி. எஸ். பணிக்கர் வேறு வழி தேடினார். அவரும் அவருடைய மாணவர்களுமாக 1966-இல் நிறுவியதே இக்கிராமம். அவர்களுடைய படைப்புகளுக்கான கலைக்கூடம் 2009-இல் அங்கே திறக்கப்பட்டது.

பணிக்கர் 1963-ஆம் ஆண்டு முதல் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையின் முன்னேதான் நாம் திகைத்து நின்றோம். சாதகக் கட்டம் போன்ற கோடுகள். எழுத்தைப்போல் தோன்றி எழுத்தாகாத கீற்றுகள்.

"இது சாதகமா, கணக்கு நோட்டா?" என்றார் நண்பர்.

"வாசிக்க வேண்டாம் அப்பா, பாருங்கள்" என்றாள் மகள்.

பார்த்தோம். பழைய ஓலைச் சுவடியை விரித்து வைத்தாற்போன்ற ஓர் அழகு தென்பட்டது மெய்யே. ஆயினும் மனம் கரையவில்லை என்பதையும் சொல்லித்தானாக வேண்டும். பெரிய பெயருக்காகத் தலையாட்டுவது கலைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

உள்ளதை உள்ளபடி தீட்டினால் என்ன குறை? அந்த வேலையை 1839-க்குப் பின் புகைப்படக் கருவி பங்குபோட்டுக்கொண்டது. ஆகவே ஐரோப்பிய ஓவியர்கள், கருவி காணாததைத் தேடிப் போனார்கள். இது நாம் ஏற்கெனவே கேட்டறிந்த விளக்கம். அப்பெண் சொன்னதோ நம் ஊர்ச் செய்தி. சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட தாமரைக் குளத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். மீனும் அன்னமும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் மனிதரும் ஒரே தளத்தில் நெருங்கி நிற்கிறார்கள். அருகிலுள்ளது பெரிது, தொலைவிலுள்ளது சிறிது என்னும் கணக்கை அந்த ஓவியன் பார்த்தானில்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். எவரும் அது புரியவில்லை என்று முறையிட்டதில்லை.

பொற்கொல்லர் எங்களைவிட்டு நெடுநேரமாய் விலகியிருந்தார். பி. வி. ஜானகிராமின் உலோக வேலைப்பாடு அவரைப் பிடித்து நிறுத்திவிட்டது. கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் கவசத்தைப்போல, செப்புத் தகட்டைத் தட்டி எழுப்பிய, முன்முகம் மட்டுமே கொண்ட உருவங்கள். கிருஷ்ணனைப் போலவே கிறிஸ்துவையும் இம்முறையில் வடித்தவர் அச்சிற்பி. அச்சில் வார்த்த, கன்னம் சிவந்த சுரூபங்களோடு பழகிய நம் கண்ணுக்கு அந்தத் தகட்டின் கருமை முதலில் ஒட்டவில்லை. பொற்கொல்லரோ, "பின்னாலிருந்து தட்டியிருக்கிறார் ஐயா. ஓர் அடி கூடினால் தகடு கிழிந்துபோகும்" என்றார். அதன்பின் நாமும் சற்று நேரம் நின்றோம்.

தகப்பனாரை அசைத்தவர் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம் (1938–2008). காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969-இல் அவரை நூறு கோட்டோவியங்களாக வரைந்தவர். பத்திரிகைகளில் அவருடைய கோடுகளைக் கண்டவர் நம்மில் பலர். அதே மனிதர் பிற்காலத்தில் உருவமேயில்லாத வண்ணப் பரப்புகளைத் தீட்டினார். "வரையத் தெரியாமல் செய்ததில்லை, அப்படித்தானே?" என்று மகளிடம் மெல்லக் கேட்டார் நண்பர்.

பிழைப்புக் கேள்வி மிஞ்சியிருந்தது. அதற்கும் அக்கிராமத்திலேயே விடை இருந்தது. ஓவியங்களை வாங்குவார் அரிதாயிருந்த அக்காலத்தில் அக்கலைஞர்கள் பாத்திக் துணி செய்தார்கள். துணியில் உருக்கிய மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடம் மட்டும் நிறம் ஏறாமல் நிற்கும். அதை விற்றுச் சேர்த்த பணமே கிராமத்திற்கு நிலம் வாங்க உதவியது. வயிற்றுக்கு ஒரு கைத்தொழில், மனத்திற்கு ஓவியம் என்று பகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்ட நண்பர் வெகுநேரம் பேசவில்லை. திரும்பும் வழியில் பேருந்து விழுப்புரம் தாண்டியதும், "குடந்தையில் விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் எது?" என்று கேட்டார். அப்பெண் தேதியை மனப்பாடமாக வைத்திருந்தாள்.