பனிப்பலகைக்கு ஒரு காப்புத் தகடு

பனி மூடிய மலைச்சரிவில், ஒரே பலகையின்மீது இரு கால்களையும் ஊன்றிப் பக்கவாட்டில் நின்றவாறு வழுக்கி இறங்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குரிய பலகையைப் பனிப்பலகை என்போம். 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகன் நகரில், ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் புதல்வியருக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை ஒன்றாக இணைத்துக் கொடுத்தார். இவ்விளையாட்டின் வரலாற்றை அந்நாளிலிருந்தே தொடங்குவது வழக்கம். அப்பலகையில் காலைப் பிணைக்கும் கருவி ஏதும் இல்லை. பின்னர், 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் பலகைத் தொழிலைத் தொடங்கிய ஜேக் பர்ட்டன் கார்ப்பென்ட்டர் முதலானோர் காலைப் பலகையோடு பிணைக்கும் முறையை வளர்த்தனர். 1998இல் ஜப்பானின் நகானோ நகரில் இவ்விளையாட்டு ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

காலைப் பிணைத்ததும் ஆட்டக்காரருக்குப் பலகையின்மேல் ஆட்சி கிடைத்தது. ஆனால் பலகைக்கோ புதிய தொல்லை பிறந்தது. அவர் சாய்வதும் திரும்புவதும் குதிப்பதும் ஆகிய அனைத்தின் விசையும் காலடியிலுள்ள சில திருகாணிகளின் வழியாகவே பலகைக்குச் செல்ல வேண்டும்.

பலகையின் உள்ளமைப்பைச் சற்றுப் பாருங்கள். நடுவே இலேசான மரம். அதன் மேலும் கீழும் பிசினில் தோய்ந்த கண்ணாடி இழைத்துணி. அடியில் பனியில் வழுக்கும் பாலித்தீன் படலம். மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை. மரத்தினுள் துருப்பிடிக்காத எஃகாலான சிறு குழல்கள் முன்னரே பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின் உட்புறத்தில் மரை வெட்டியிருப்பதால் மரைக்குழல்கள் எனலாம். பல பலகைகளில் நான்கு குழல்களை 4 சென்டிமீட்டர்ச் சதுரமாகத் தேர்ந்துகொள்ளலாம். அவற்றில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகாணிகள் பிணைப்பை இறுக்கிப் பிடிக்கின்றன.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிணைப்பின் நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி, கால்விரல்களின் பக்கத்தில், 30 கிலோகிராம் பாரம் அழுத்துகிறது என்று கொள்ளுங்கள். பிணைப்பின் அடிப்பாகம் நடுவிலிருந்து 4 சென்டிமீட்டர் வரை மட்டுமே பலகையில் படிந்திருந்தால், அந்த விளிம்பே நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடும். பாரம் அதற்கு அப்பால் 8 சென்டிமீட்டரில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்துத் திருகாணிகள் இப்பால் 6 சென்டிமீட்டரில் இருக்கின்றன. ஆகவே அத்திருகாணிகளை மேல்நோக்கி இழுக்கும் விசை 40 கிலோகிராம். அழுத்தும் விளிம்பிலோ முப்பதும் நாற்பதும் சேர்ந்து 70 கிலோகிராம் இறங்குகிறது! பள்ளத்தில் குலுங்கும்போது இது இன்னும் பன்மடங்காகும். நாளடைவில் மேலுறையில் தழும்பு விழும். பிறகு இழைத்துணி விரிசல் காணும். அவ்விரிசல் வழியே நீர் புகுந்தால் மரம் ஊறிப்போகும். கடினக் காலணியோடு பயன்படும் உலோகப் பிணைப்புகளில் இத்தொல்லை மிகுதி.

ஆட்டக்காரர் சிலர் இதற்கு வீட்டிலேயே பரிகாரம் செய்துகொள்கின்றனர். பிணைப்புக்கும் பலகைக்கும் இடையே ஒரு தகட்டை வைத்து, ஒரு கோட்டில் விழும் பாரத்தைப் பரந்து விழச் செய்கின்றனர். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தகடு அழுத்தத்தைத்தான் பரப்புகிறது. திருகாணியின் இழுவிசையைக் குறைப்பதில்லை. அதே திருகாணிகள் பிணைப்பையும் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும்வரை அந்த 40 கிலோகிராம் இருந்தபடியே இருக்கும். தகடு காப்பது பலகையின் தோலை. ஆட்டக்காரரைக் காப்பது மரையின் பிடிப்பு.

தகட்டுக்கு எப்பொருள் ஏற்றது? கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக் தகடு எளிதில் நொறுங்கும். அலுமினியம் உறுதியானதே. ஆயினும் அது பலகையை அவ்விடத்தில் வளையவிடாது தடுப்பதால், வளைவெல்லாம் தகட்டின் ஓரத்தில் சென்று குவியும். அடர்பாலித்தீனையே நான் தேர்வேன். காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகைகள் பல இப்பொருளால் ஆனவையே. கடுங்குளிரிலும் அதன் உரம் கெடுவதில்லை. எப்பொருளாயினும், தகடு பலகையின் குறுக்கே நீண்டும் நெடுக்குவாக்கில் குறுகியும் இருத்தல் நலம்.

துளைகளின் இடத்தைக் குறிக்க அளவுகோல் வேண்டியதில்லை. பலகையின்மேல் ஒரு தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் குழல்களின் வாய் வட்டமாகப் பதியும். அத்தாளைத் தகட்டில் ஒட்டித் துளையிடலாம். துளைகள் 6 அன்று, 6.5 மில்லிமீட்டர் இருக்கட்டும். 20 பாகை வெப்பமுள்ள பட்டறையிலிருந்து பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகைக் குளிருக்குச் சென்றால், 4 சென்டிமீட்டர் இடைவெளி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் சுருங்கும். அதற்கு இடம் வேண்டுமன்றோ? துளையிடுவது தகட்டில் மட்டுமே. பலகையில் ஒருபோதும் துளை போடலாகாது. ஓரங்களை அரத்தால் தேய்த்துச் சரித்துவிட வேண்டும்.

இனித் திருகாணியின் நீளம். 4 மில்லிமீட்டர்த் தகடு வைத்தால் திருகாணியும் 4 மில்லிமீட்டர் நீள வேண்டும். பழைய திருகாணியையே போட்டால் மரையின் பிடிப்பு அவ்வளவு குறையும். சரிவின் நடுவே பிணைப்பு கழன்று வரலாம். கடைகளில் 16, 20, 25 மில்லிமீட்டர் நீளங்களில் திருகாணிகள் கிடைக்கின்றன. பழையது 16 ஆனால் 20ஐ வாங்கி, தகட்டின் கனத்தை 4 ஆக வைத்துக்கொள்வதே எளிது. பிடிப்பை அளக்கவும் ஓர் எளிய வழி உண்டு. இவ்வகைத் திருகாணி வழக்கமாக ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே செல்லும். மரை கவ்வியது முதல் சுற்றுகளை எண்ணுங்கள். ஆறு சுற்றுக்குக் குறையலாகாது. பிணைப்பு இறுகுமுன்பே திருகாணி அடியில் முட்டி நின்றால் அது அளவுக்கு மீறி நீண்டது என்று பொருள். மேலும் முறுக்கினால் பலகையின் அடிப்புறத்தில் புடைப்பு எழும்.

நான்கையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, சிறிது சிறிதாகக் கையால் இறுக்க வேண்டும். பாலித்தீன் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல இளகிக் கொடுக்கும் இயல்புடையது. ஆதலால் முதல் இறக்கத்திற்குப் பின்னும், மறுநாளும் திருப்புளியை எடுத்துச் சோதிக்க வேண்டும். தகட்டைக் கழற்றும் நாளில் நீண்ட திருகாணிகளையும் உடன் கழற்றி, அவற்றைத் தகட்டின் துளைகளிலேயே செருகிக் கட்டி வையுங்கள். தகடில்லாத பலகையில் அவற்றை முறுக்கினால், 4 மில்லிமீட்டர் எஃகு அடிப்படலத்தை நோக்கி இறங்கும்.