தேயிலையில் வண்டு, கூரையில் கல்நார்

2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைக்கு ரஷ்யா திடீரெனத் தற்காலிகத் தடை விதித்தது. ஒரு சரக்கில் கப்ரா வண்டு இருந்ததாம். ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்தி, 2024க்குள் அடியோடு நிறுத்த இலங்கை முடிவெடுத்திருந்த நேரம் அது. சில நாட்களில் அந்த முடிவு தள்ளிவைக்கப்பட்டது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. உலகில் மிக அதிகமாக ஆஸ்பெஸ்டாஸ் வெட்டியெடுக்கும் நாடு ரஷ்யா. வண்டு மட்டுமே காரணம் என்று நம்புவது எனக்குக் கடினம்.

ஆனாலும் இலங்கையை எளிதாகக் குறைசொல்ல முடியாது. தேயிலை ஏற்றுமதி நின்றால் மலையகத் தொழிலாளியின் கூலி உடனே அடிபடும். ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் தரும் நோயோ பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதற்குள் ஆலை மூடியிருக்கும், முதலாளி மாறியிருப்பார், நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கக் காகிதம்கூட இருக்காது. இந்தத் தாமதம்தான் கல்நார் வணிகத்துக்குக் காவல்.

கூரைக்குப் போடும் கல்நார் ஷீட்டை அறுத்தாலும் துளையிட்டாலும் உடைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். மூச்சோடு உள்ளே போகும் நார்கள் பல நுரையீரலிலேயே தங்கிவிடும். உடம்பால் அவற்றை எளிதில் கரைக்க முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும். நுரையீரல் புற்றுநோயும், அதன் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோயும் வரலாம். கணவரின் வேலை உடுப்பைத் துவைத்த பெண்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. பணியிடத்தில் இந்த நார்களைச் சுவாசித்ததால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

கல்நாரின் ஒரு வகையான வெள்ளைக் கல்நார் ஆபத்தற்றது என்கிறது கல்நார்த் தொழில். ஆனால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகையையும் புற்றுநோய்க் காரணியாகவே பட்டியலிட்டிருக்கிறது. 50க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. புதிய சுரங்கக் குத்தகைகளை 1986இலேயே நிறுத்திய இந்தியா, இன்னும் பெருமளவில் இறக்குமதி செய்கிறது. தன் மண்ணில் தோண்டக் கூடாத ஒன்றை ஏழையின் தலைக்கு மேல் வைப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

அபாய ரசாயனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் வெள்ளைக் கல்நாரைச் சேர்த்தால் அதன் வணிகம் நின்றுவிடாது. வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் எல்லா நாடுகளும் இசைய வேண்டும் என்பதால், 2006 முதல் ஒருசில நாடுகளே அதைத் தடுத்து வருகின்றன.

உங்கள் வீட்டுக் கூரை கல்நார் ஷீட் என்றால் பதற வேண்டாம். முழுதாக இருக்கும் ஷீட்டிலிருந்து நார் அதிகம் பறக்காது. அதைத் தேய்த்துக் கழுவாதீர்கள், துளையிடாதீர்கள். கழற்ற நேர்ந்தால் பயிற்சி பெற்றவர்களை அழையுங்கள். நனைத்து, உடையாமல் இறக்கச் சொல்லுங்கள். தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பவும் போடாதீர்கள். குழந்தைகள் விளையாடும் இடம் அது.