நகர், வாவி, புறம்: உன்னிச்சை வீதியின் நாளாந்தப் போக்குவரவு பற்றிச் சில குறிப்புகள்

‘புறநகர்’ என்னும் சொல் நமது சமூகவியல் எழுத்துக்களில் அதிக ஆய்வின்றியே கையாளப்பட்டு வருகின்றது. பெருநகரொன்றின் விளிம்பில் தோன்றும் குடியிருப்பு, காலையில் அங்கிருந்து தொழிலுக்குப் புறப்பட்டு இரவில் உறங்குவதற்கு மட்டும் திரும்பும் மக்கள், இவ்விரண்டையும் இணைக்கும் புகையிரதம் அல்லது பஸ் வண்டி என்பன ஒருங்கு சேர்ந்தால் புறநகர் அமைந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரை அண்டி வளர்ந்த இவ்வமைப்பு, 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதன் பின்னர் சென்னையிலும் தெளிவான உருவம் பெற்றது. ஆனால் இவ்வரைவிலக்கணம் மக்களின் அசைவை மட்டுமே பேசுகின்றது. அசைவின் பின்னாலுள்ள உடைமை உறவைப் பேசுவதில்லை. யார் போகிறார், எத்திசையிற் போகிறார், அவருடைய உழைப்பின் பயன் எக்கரையிற் செலவாகின்றது ஆகிய வினாக்களை எழுப்பும்போதுதான் புறநகர் என்பது வரலாற்றுப் பொருளுடைய கருத்தாக மாறும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வீதி வழியாக இருபது கிலோமீற்றருக்கும் அப்பால் அமைந்துள்ள உன்னிச்சையை இவ்வினாக்களின் ஒளியில் நோக்குவதே இங்கு நமது முயற்சி. உன்னிச்சை ஒரு நகரமன்று. வழக்கமான பொருளில் புறநகருமன்று. குளமும் வாய்க்காலும் வயலும் காடும் சூழ்ந்த விவசாயக் கிராமத் தொகுதி அது. எனினும் நாள்தோறும் அங்கிருந்தும் அவ்வீதியிலுள்ள ஏனைய ஊர்களிலிருந்தும் நகருக்கு ஆட்கள் போகின்றனர். நகரிலிருந்தும் அங்கு ஆட்கள் வருகின்றனர். இவ்விரு ஓட்டங்களும் சந்திக்கும் இடம் வலையிறவுப் பாலமாகும்.

காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்குமிடையில் அப்பாலத்தருகே சிறிது நேரம் நின்று பார்ப்பவர், எந்தப் புள்ளிவிபரமும் இன்றியே ஒரு வர்க்கப் படத்தைக் கண்டுகொள்ளலாம். மேற்கிலிருந்து கிழக்கே வருவோர்: பாற்கலன்களைக் கட்டிய சைக்கிள்காரர், மேசன்மாரும் அவர்களின் கையாட்களும், விறகு கொணர்வோர், குளத்து மீனும் தயிரும் கொண்டுவரும் சிறு வியாபாரிகள், கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பெண்கள். கிழக்கிலிருந்து மேற்கே செல்வோர்: ஆசிரியர்கள், அலுவலக உத்தியோகத்தர், கடன் தவணை அறவிடும் நிறுவனங்களின் இளைஞர். முதலாவது கூட்டத்தினர் பெரும்பாலும் நாட்கூலி பெறுவோர் அல்லது பொருளை விற்றுப் பணம் காண்போர். இரண்டாவது கூட்டத்தினர் மாதச் சம்பளக்காரர். மேற்கே போகின்றவரின் சம்பளம் மேற்கே செலவாவதில்லை. அவர் தேநீர் குடிப்பதுகூடச் சில வேளைகளில் பாலத்தைத் தாண்டித் திரும்பிய பின்னர்தான். ஆசிரியர்களைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை; வீடும் பிள்ளைகளின் கல்வியும் நகரில் இருக்க, நாளுக்கு ஐம்பது கிலோமீற்றர் வரை மோட்டார் சைக்கிளில் ஓடுவது அவர்களுக்கும் இலேசான காரியமன்று. ஆனால் மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயத்தின் பாடசாலைகள் ஆசிரியர் பற்றாக்குறை பற்றி ஓயாது முறையிட்டு வந்திருப்பதற்கும் இந்த ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டு.

இப்போக்குவரவு அண்மையில் தோன்றியதன்று. மட்டக்களப்பு மக்கள் தம் நாட்டைச் சூரியன் எழும் பக்கம், படும் பக்கம் என இரண்டாகப் பகுத்து எழுவான்கரை, படுவான்கரை என்றனர். கேட்பதற்குக் கவிதைபோல் ஒலிக்கும் இப்பெயர்கள் ஓர் உற்பத்தி உறவையும் குறித்து நின்றன என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் ஊர்கள் நெருங்கிக் கிடந்தன. கோவில், பள்ளி, சந்தை, கச்சேரி அனைத்தும் அங்கேயே. நெல் விளையும் வட்டைகளோ பெரும்பகுதி மேற்கே. எழுவான்கரையிற் குடியிருந்த போடியார் படுவான்கரையில் வயல் வைத்திருந்தார். விதைப்புக் காலத்திலும் சூடடிக்கும் காலத்திலும் அவர் வாவி கடந்து செல்வார். மற்றைய நாட்களில் முல்லைக்காரனும் வயற்காரரும் வாடியிலும் பரணிலும் கிடந்து காவல் செய்வர். நெல் தோணியிலும் வண்டியிலும் கிழக்கே வந்தது. வசிப்பிடம் ஒரு கரையிலும் உற்பத்தி மறு கரையிலுமாகப் பிரிந்திருத்தல் தொழிற்சாலையின் வருகையோடு மட்டும் தோன்றும் விளைவு என்று கருதுவோர் இந்த நிலவுடைமை வடிவத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கு நாள் கணக்கில் அன்றிப் போகக் கணக்கில் ஆட்கள் போய்வந்தனர் என்பதே வேறுபாடு.

இதனுடன் இப்பிரதேசத்தின் தாய்வழி முறையையும் சேர்த்துப் பார்த்தல் பொருத்தமானது. மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்கின்றது. மணமகன் பெண்வீட்டிற் குடியேறுகின்றான். இம்முறையை விரிவாக ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் நூல் 2008இல் வெளிவந்தது. பெண்மக்களுக்கெல்லாம் வீட்டு வளவு பிரித்துக் கொடுக்கக் கொடுக்க எழுவான்கரையில் நிலம் சுருங்கியது. வயலோ எட்டத்திலேயே இருந்தது. ஆகவே நம் பிரதேசத்தில் வாவி கடந்து தொழிலுக்குப் போய்வந்த ஆண்மகன் பல வேளைகளில் மனைவியின் ஊரில் வாழ்ந்த மருமகனுமாவான். புறநகர்க் குடும்பம் பற்றிய மேலைத்தேயக் கோட்பாடுகளை இங்கு அப்படியே பொருத்த முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு வரண்ட வலயக் குளங்களை அண்டி அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரிற் காணி வழங்கும் முறை பரவலாயிற்று. 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு அளிக்க முற்பட்டது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய நெற்காணியை 25 ஏக்கராக வரையறுத்தது. போடியாரின் பழைய அதிகாரம் இவற்றால் தளர்ந்தது உண்மை. ஆயினும் விதைநெல், உழவு இயந்திரம், உரம், முற்பணம் ஆகியன நகர வியாபாரியின் கையிலும் ஆலைக்காரரின் கையிலும் இருந்தமையால், நிலம் கைமாறிய அளவுக்கு மிகை விளைவு கைமாறவில்லை. குடியேற்றத்தின் தன்மையை ஊர்ப்பெயர்களே காட்டுகின்றன. உன்னிச்சைப் பகுதியில் ஆறாம் கட்டை, எட்டாம் கட்டை என மைற்கல்லின் பெயரால் வழங்கும் இடங்கள் உண்டு. ஓர் ஊர் தன் மரத்தாலோ மடுவாலோ தெய்வத்தாலோ பெயர் பெறாது, வீதித் தூரத்தால் பெயர் பெறுவது சிந்தனைக்குரியது.

பாலங்களின் கதைக்கு வருவோம். 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் நகரைத் தெற்கேயுள்ள எழுவான்கரை ஊர்களுடன் இணைத்தது. புகையிரதம் 1928இல் மட்டக்களப்பை அடைந்தது. கல்லடியும் அதன் தெற்கேயுள்ள ஊர்களும் உத்தியோகத்தர் வாழும் உண்மையான புறநகர்களாக வளர்ந்தமைக்கு அந்தப் பாலம் பெருங்காரணம். மண்முனைத் துறையிலோ 2014வரை ‘பாதை’ எனப்படும் மிதவையே வாவியைக் கடக்க உதவியது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மாணவரும் நோயாளரும் அதன் வரவுக்குக் காத்து நின்றனர். ஓடத்தைப் பாதை என்று அழைக்கும் ஒரு பிரதேசத்தில், பாதை இல்லாமை என்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வலையிறவுப் பாலம் இருந்தும் அது பல ஆண்டுகள் பாலமாக இயங்கவில்லை, எல்லையாகவே இயங்கியது. 1990இன் பின்னர் வாவியின் கிழக்கு அரச படைகளின் கட்டுப்பாட்டிலும், மேற்கு நீண்ட காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. அரச மொழியில் மேற்குக் கரை ‘விடுவிக்கப்படாத பகுதி’ ஆயிற்று. சீமெந்து, எரிபொருள், உரம் முதலியன சோதனைச் சாவடியில் அளந்து விடப்பட்டன. 1991 ஜூனில் கொக்கட்டிச்சோலையில் நிகழ்ந்த படுகொலை படுவான்கரை மக்களின் நினைவில் ஆறாத புண். 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டதன் பின்னர், மேற்கே வயல் வைத்திருந்த முஸ்லிம்கள் தம் காணிகளுக்குப் போக முடியாதவராயினர். ஒரு துயரைச் சொல்லி மற்றதை மறைப்பது ஆய்வாளனுக்குத் தகாது. வயலுக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த அன்றாட வழி இரு சமூகத்தவருக்கும் அறுந்தது என்பதே இங்கு நமக்குரிய செய்தி. அக்காலத்தில் சைக்கிளில் விறகு கட்டி நகருக்கு வந்தவரே அவ்வழியைச் சிறிதளவேனும் உயிரோடு வைத்திருந்தனர்.

2007இல் படுவான்கரை அரச படைகளின் வசமாயிற்று. வீதிகள் செப்பனிடப்பட்டன. பாலம் மீண்டும் பாலமாயிற்று. வீதி வந்தால் வளம் வரும் என்ற நம்பிக்கை அப்போது எல்லோரிடமும் இருந்தது. வீதி எதையும் எத்திசையிலும் கொண்டு செல்லும். அது கொண்டு செல்லும் திசையை உடைமை உறவே தீர்மானிக்கின்றது. 2012/13ஆம் ஆண்டின் அரச வீட்டு வருமானக் கணக்கெடுப்பின்படி முழு நாட்டிலும் வறியோர் விகிதம் 6.7 ஆக இருந்தபோது, மட்டக்களப்பு மாவட்டத்தில் அது 19.4 ஆக இருந்தது. போர் முடிந்து மூன்று நான்கு ஆண்டுகளின் பின்னரான நிலை அது. நுண்கடன் நிறுவனங்கள் செப்பனிட்ட வீதி வழியாகவே கிராமங்களுக்குள் புகுந்தன. பெண்கள் அதே வீதியால் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் புறப்பட்டனர்.

இவற்றினும் தெளிவான சான்று நீர். உன்னிச்சைக் குளம் வயலுக்கு நீர் பாய்ச்சிய குளம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் நிறைவேறிய குடிநீர்த் திட்டத்தின் பயனாக, குளத்து நீர் வவுணதீவிற் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்கும் கரையோர ஊர்களுக்கும் குழாய்வழி செல்கின்றது. உவர் கலந்த கிணறுகளோடு காலங்கழித்த கரையோர மக்களுக்கு இது பெரும் பேறு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குளத்தின் அண்டையிலுள்ள கிராமத்தவர், தமது குளத்து நீர் நகருக்குப் போகையில் தமக்குக் குடிநீர் இல்லையென முறையிட நேர்ந்தது. கோடையில் கிணறு வற்றிய வீட்டுப் பெண், குடத்துடன் நடந்து செல்லும் வழியின் கீழாகவே குழாய் போகின்றது. நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலான பிரிவினையில் சமுதாயத்தின் முழுப் பொருளாதார வரலாறும் அடங்கியுள்ளது என மார்க்ஸ் மூலதனத்தில் கருதியதற்கு, நாம் இலண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இலக்கிய மாணவர் என்ற வகையில் ஒரு விடயத்தை இங்கு குறிப்பிடாதிருக்க முடியவில்லை. 1861இல் நூலாக வெளிவந்த டிக்கின்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் வெமிக் என்னும் எழுதுவினைஞர் வருகிறார். நகரத்து அலுவலகத்தில் கல்மனத்தர். வோல்வர்த்திலுள்ள தம் சிறு வீட்டை அடைந்ததும் அன்பே உருவானவர். வீட்டைச் சுற்றி அகழி வெட்டி, மரப்பாலம் ஒன்றையும் அமைத்து, நகரத்தைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்திவிடுகிறார். தொழிலிடமும் வீடும் பிரிவுண்ட மனிதன் இரண்டு மனிதராகப் பிளவுபடுவதை நாவல் என்னும் வடிவம் அத்துணை விரைவிற் கண்டுகொண்டது. இப்பிளவின் நீண்ட வரலாற்றை ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளிவந்த நூலில் விரித்துரைத்தார். நமது புனைகதையிலோ கொழும்புக்குப் போய்வந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞனும் அவனது யாழ்தேவியும் பெற்ற இடத்தில் பத்திலொரு பங்கையேனும் வலையிறவுப் பாலத்துச் சைக்கிள்காரன் பெறவில்லை. படுவான்கரை நம் எழுத்தில் பெரும்பாலும் பாலும் தேனும் பாயும் மருதநிலமாகவோ, பின்னர் போர்க்களமாகவோதான் வருகின்றது. நாட்டார் பாடல்களில் வயற்காவலனின் தனிமைக்கு இடமுண்டு. அவனைக் காவலுக்கு வைத்தவனின் வீடு எக்கரையில் இருந்தது என்ற வினாவை அப்பாடல்களைத் தொகுத்தோரும் பாராட்டியோரும் அதிகம் எழுப்பவில்லை. வெமிக்கின் பாலம் அவனுடைய சொத்து, விரும்பினால் தூக்கிக்கொள்ளலாம். சைக்கிள்காரனுக்கு அந்த வசதி இல்லை. நகரம் அவனுடன் வீடுவரை வருகின்றது, தவணைப் புத்தகமாகவும் கடைக் கணக்காகவும்.

ஆண்டில் ஒரு தடவை மட்டும் இவ்வீதியின் இயல்பு மாறுகின்றது. செப்டெம்பரில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலத்தின் பெருவிழாவுக்கு நகரத்தவர் கால்நடையாக மேற்கே செல்கின்றனர். அன்று உள்ளூரவர் வழியோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்து வந்தோருக்கு நீர் கொடுக்கின்றனர்.

உன்னிச்சை எதிர்காலத்திற் புறநகராக வளருமா என்று கேட்போருக்கு மாலை வேளையைச் சுட்டிக்காட்ட வேண்டும். நகரத்துக் கட்டட வேலை ஐந்து மணிக்கு ஓயும். கூலியைக் கணக்குப் பார்த்து, அரிசியும் மீனும் வாங்கி, பாலம் தாண்டி மேற்கே மிதிப்பவனுக்கு ஆறரைக்கு முன்னர் இருட்டிவிடும். ஆயித்தியமலைக்கு அப்பாற்பட்ட வழிகளில் யானை இறங்கும் நேரம் அது. காடு சுருங்கச் சுருங்க யானை வயலுக்கும் வீதிக்கும் வருகின்றது. உயிர்ச்சேதமும் வீட்டுச் சேதமும் அடிக்கடி நேர்கின்றன. ஆகவே எட்டக் கிராமத்து மேசன்மார் பலர் நான்கு மணிக்கே கரண்டியைக் கழுவிவிட விரும்புகின்றனர். ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறவனுக்கு முழுக் கூலி எதற்கு என்று கேட்கும் கொந்தராத்துக்காரர், பாலத்துக்கு இக்கரையிலேயே ஆள் பிடித்துக்கொள்கிறார்.