எலக்ட்ரிக் புளூவின் நீலம்

மலாவி ஏரியைச் சேர்ந்த 'எலக்ட்ரிக் புளூ' ஆண் சிக்லிட் மீன், தொட்டியில் கண்ணைப் பறிக்கும். படமெடுத்தால் பெரும்பாலும் மிஞ்சுவது மங்கலான ஒரு மீனும் அதன் மேல் ஒரு வெள்ளைத் திட்டும்தான். கேமராவின் மேல் பழி போடுவதற்கு முன் மீனின் தோலைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த நீலம் சாயமல்ல. தோலின் சில உயிரணுக்களுக்குள் குவானின் என்ற பொருள் மெல்லிய படிகத் தகடுகளாக அடுக்கடுக்காக இருக்கிறது. நம் டி.என்.ஏ.விலும் இருக்கிற அதே குவானின்தான். ஒவ்வொரு தகடும் சிறிது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தகடுகளின் இடைவெளிக்கு ஒத்துப்போகும் அலைநீளம் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கிறது, மற்றவை மங்கிவிடுகின்றன. சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதும் இந்தக் கணக்கில்தான். ஆகவே ஒளி விழும் கோணம் மாறினால் நிறமும் மாறும்.

கேமராவோடு ஒட்டிய ஃபிளாஷைப் போட்டால் தொட்டிக் கண்ணாடியும் இந்தத் தகடுகளும் வெளிச்சத்தை நேரே லென்ஸுக்குள் கொட்டிவிடும். ஃபிளாஷைத் தனியே கழற்றித் தொட்டிக்கு மேல் வைத்துக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். ஏரியிலும் வெயில் மேலிருந்துதானே இறங்குகிறது! ஃபிளாஷின் திறனைக் குறைத்து வைத்தால் அதன் வெளிச்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. துள்ளித் திரும்பும் மீனும் துடுப்பின் கதிர்வரை தெளிவாக விழும். லென்ஸ் கண்ணாடிக்கு நேர் எதிரே இருக்கட்டும். சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் விலகி, மீனின் விளிம்பில் நிறக்கீற்றுகள் படியும். அறை விளக்கை அணைத்துவிட்டால் உங்கள் முகமும் படத்தில் வராது.

இவ்வளவும் செய்த பிறகும் மீன் வெளிறியே நிற்கலாம். அங்கே வேலை செய்வது ஒளியல்ல, அதிகாரம். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் வாழும் 'பர்டோனி' சிக்லிட்டில், இடம்பிடித்து ஆளும் ஆணுக்குப் பளிச்சென்ற நிறமும் கண்ணருகே ஒரு கருங்கோடும் இருக்கும். அடங்கிப்போன ஆண், பெண்மீனைப் போலச் சோபையிழந்து திரியும். ஆள்பவனை எடுத்துவிட்டால் போதும், இன்னொருவன் சில நிமிடங்களிலேயே நிறமேறி நிற்பான். நிற உயிரணுக்களுக்குள் கருந்துகள்கள் பரவுவதும் ஓரிடத்தில் குவிவதுமே அந்தக் கருங்கோட்டின் ரகசியம். வலையை விட்டுத் துரத்திவிட்டுப் படமெடுத்தால் பதிவாவது மீனின் பயம்தான். இரையை நிதானமாகப் போட்டுவிட்டு, ஆடாமல் உட்கார்ந்திருப்பவருக்கே நல்ல படம் கிடைக்கும். என்னைக் கேட்டால், விலையுயர்ந்த லென்ஸைவிட இந்தப் பொறுமைக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒளி கெட்டால் படம் கெடும். ஏரியில் அதைவிடப் பெரிதாகவும் கெடும். விக்டோரியா ஏரியில் நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்களில், ஒன்றின் ஆண் நீலம், மற்றதன் ஆண் சிவப்பு. பெண்கள் நிறம் பார்த்தே இணை தேடுகின்றன. நிறங்களைப் பிரித்தறிய முடியாதபடி தொட்டியில் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது பெண்களின் தேர்வு தடுமாறியது. நீர் கலங்கிய பகுதிகளில் நிறங்கள் மங்குவதையும் இனங்கள் குறைவதையும் ஆய்வாளர் சீஹவுசன் குழுவினர் 1997-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

கடைகளில் மீனின் நிறத்தைத் தூக்கிக்காட்டச் சிவப்பும் நீலமுமாக விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள். மீனை வாங்குவதற்கு முன் வெள்ளை விளக்கில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.